தஞ்சுங் டத்து: நீர் பிரிக்கும் எல்லை

துரைப்பாக்கத்தில், வெளிநாடுகளுக்கான வரைபடத் தரவுகளைத் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறேன். எத்தனையோ நாட்டு எல்லைகளைக் கையாண்டிருந்தாலும், என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது தஞ்சுங் டத்து என்னும் கடல்முனைதான். மலேசியாவின் சரவாக்கும் இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானும் தென்சீனக் கடலோரத்தில் சந்திக்கும் அவ்விடத்தில், மழைக்காடு மூடிய குன்றுகள் கடல்வரை இறங்குகின்றன.

1891இல், இவ்விரு பகுதிகளும் அடங்கிய போர்னியோ தீவைப் பங்கிட்டுக்கொண்ட பிரிட்டனும் நெதர்லாந்தும், இம்முனைக்கு வடக்கே கடலில் கலக்கும் ஆறுகளெல்லாம் பிரிட்டன் பக்கம் (இன்றைய மலேசியப் பக்கம்) இருக்க வேண்டும் என்ற நோக்கில், பெரும்பாலும் நீர்பிரி முகட்டையே எல்லையாக ஏற்றன. ஆகவே, மழைநீர் எப்பக்கம் வழிகிறதோ அப்பக்கத்து நாட்டுக்கே அந்த நிலம் உரியது. எளிய விதிதான், ஆனால் அந்த முகட்டைத் திரையில் கண்டுபிடிப்பது எளிதன்று. செயற்கைக்கோள் படங்களை மேகம் மறைத்துவிடும். மேகத்தை ஊடுருவும் ரேடாரைக் கொண்டு 2000ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்த உயரத் தரவோ, அடர்காட்டில் தரையைத் தொடாமல் இலைக்கூரையிலேயே பெருமளவு நின்றுவிடுகிறது. எங்கள் குழுத் தலைவர் அதைப் பார்த்ததுமே, "இந்தக் கோடு மலை மேல போகல தம்பி, மரத்து மேல போகுது" என்றார். ஓரிடத்தில் உயர்ந்த மரங்களும் அடுத்த இடத்தில் திருத்திய நிலமும் இருந்தால், கணினி காட்டும் முகடு உண்மையான முகட்டிலிருந்து விலகிவிடும். 1802இல் இதே சென்னையில், பரங்கிமலையருகே ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் எஃகுச் சங்கிலியை நீட்டி, முக்கோண நில அளவைக்கு ஆதாரமான அடிக்கோட்டை அளந்த பொறுமையை அப்போது நினைத்துக்கொண்டேன்.

இது வெறும் தொழில்நுட்பச் சிக்கல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 2011இல் சமார் பூலான், தஞ்சுங் டத்து நிலங்களை மலேசியா எடுத்துக்கொண்டதாக இந்தோனேசியாவில் பெரும் சர்ச்சை எழுந்தது. மலேசியப் பக்கம் தெலுக் மெலானோவும் இந்தோனேசியப் பக்கம் தெமாஜுக்கும் அண்டை ஊர்கள். 2019இல் நெடுஞ்சாலை வரும்வரை மெலானோவாசிகள் வெளியூர் செல்லப் படகையே பெரிதும் நம்பியிருந்தார்கள். வடகிழக்குப் பருவக் காற்றில் கடல் சீறினால் அதுவும் இல்லை. அத்தகையவர்களின் நிலத்தின் நடுவே நாம் குளிர்சாதன அறையில் அமர்ந்து கோடு இழுக்கிறோம்.

இரு நாட்டு நில அளவையாளர்களும் காட்டுக்குள் நடந்து நட்ட எல்லைக் கற்களின் இருப்பிடம் கிடைத்தால் அதற்கே முதலிடம் தர வேண்டும், கிடைக்காத பகுதியில் கோட்டை முறித்துக் காட்டி, 'உயரத் தரவிலிருந்து ஊகித்தது' என்ற குறிப்பைச் சேர்க்க வேண்டும் என்று வாடிக்கையாளருக்கு எழுதினேன். முறிந்த கோடு அழகாக இல்லை என்று அவர்கள் தயங்கினார்கள். நாங்கள் விட்டுக்கொடுக்காததால், பிறகு ஒப்புக்கொண்டார்கள்.