ஒப்புதல் படிவத்தை ஒழுங்காக எழுதியவர்

ஆய்வகத்தில் பெயர் வாங்கிய ஒருவர் டீன் ஆகிவிட்டால், "போச்சு, இனி ஃபைலோடுதான் காலம்" என்று உச்சுக்கொட்டுவது வழக்கம். ஜார்ஜ் டேலி விஷயத்தில் அது பொருந்தாது. 2017 ஜனவரியில் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியின் டீனாகப் பொறுப்பேற்பதற்கு வெகு முன்பே ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஆராய்ச்சி அவரை ஃபைலுக்குள் இழுத்துவிட்டது.

தொடக்கம் முழுக்க அறிவியல்தான். நாள்பட்ட மைலாய்ட் ரத்தப் புற்றுநோயில் 9, 22-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் பிசிஆர்-ஏபிஎல் என்ற ஒட்டு மரபணு உருவாகும். அதுவே நோய்க்குக் காரணமா, நோயோடு கூட வருவதா? எம்.ஐ.டி.யில் டேவிட் பால்டிமோரிடம் முனைவர் பட்ட மாணவராக இருந்த டேலி, அந்த மரபணுவை ரெட்ரோவைரஸில் ஏற்றி எலியின் எலும்பு மஜ்ஜைக்குள் அனுப்பினார். சிக்கல் என்னவென்றால், இந்த வைரஸ் பிரிந்துகொண்டிருக்கும் செல்லில்தான் தன் சரக்கைச் செருகும். ரத்த ஸ்டெம் செல்லோ பெரும்பாலும் சும்மா கிடக்கும். அதனால் மஜ்ஜை எடுக்கும் முன்பே கொடை எலிக்கு 5-ஃப்ளூரோயூராசில் என்ற புற்றுநோய் மருந்தை ஊசியாகப் போட வேண்டும். பிரிகிற செல்கள் சாகும். மிஞ்சிய ஸ்டெம் செல்கள் இழப்பை ஈடுகட்டப் பிரியத் தொடங்கும். வைரஸைக் கொடுக்க அதுதான் நேரம். அந்த மஜ்ஜையை, கதிர்வீச்சால் மஜ்ஜை அழிக்கப்பட்ட எலிகளுக்குச் செலுத்தியபோது மனிதருக்கு வருவது போன்ற நோயே வந்தது. 1990-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான வேலை இது. 2001-இல் அனுமதி பெற்ற இமாட்டினிப் மாத்திரை குறிவைப்பது இந்த மரபணு தரும் புரதத்தைத்தான்.

அதே 2001 ஆகஸ்ட் 9-இல் அதிபர் புஷ் ஒரு கோடு போட்டார். அன்றைக்கு முன் உருவான மனிதக் கரு ஸ்டெம் செல் வரிசைகளுக்கு (ஒரு கருவிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கப்படும் செல்கள்) மட்டுமே அரசு நிதி. புதிய வரிசை வேண்டுமென்றால் இன்குபேட்டர், மைக்ரோஸ்கோப், உதவியாளர் சம்பளம் என எல்லாவற்றுக்கும் தனியார் பணம், கணக்கும் தனி. டேலி குழு அப்படித்தான் செய்தது. சோதனைக்குழாய்க் கருத்தரிப்பில் தரம் குறைவென்று ஒதுக்கப்படும் கருக்களிலிருந்தும் வரிசைகளை எடுத்தார்கள்.

பலன் 2009-இல் தெரிந்தது. ஒபாமா தடையை நீக்கியபின் வந்த விதிகள், கரு தந்த தம்பதி கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தைத் துருவின: கரு குழந்தைப்பேறுக்காக உருவாக்கப்பட்டு மிஞ்சியதா, பணம் கைமாறியதா, வேறு வழிகள் இருப்பதைத் தம்பதிக்குச் சொன்னார்களா, மறுத்தால் சிகிச்சை பாதிக்காது என்று உறுதி தந்தார்களா. அந்த டிசம்பரில் முதலில் தேறிய 13 வரிசைகளில் 11 பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் டேலி குழு உருவாக்கியவை. செல் நன்றாக வளர்ந்தால் மட்டும் போதாது, கையெழுத்தும் சரியாக இருக்க வேண்டும். என் பார்வையில் அவருடைய நிர்வாகத் திறமைக்கு அசல் சான்று இதுதான்.

2006-இல் சர்வதேச ஸ்டெம் செல் சங்கத்தின் நெறிமுறைக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். வழக்கமான பரிசீலனை போதும், கூடுதல் பரிசீலனை வேண்டும், செய்யவே கூடாது என்று சோதனைகளை மூன்றாகப் பிரித்தார்கள். கருவை 14 நாளுக்கு மேல் வளர்ப்பது அப்போது மூன்றாவது வகை.

டீனான சில மாதங்களில், 2017 மே மாதம், 'நேச்சர்' கட்டுரை வந்தது. ஸ்டெம் செல்லிலிருந்து ரத்தம் எடுத்தால் பொதுவாகக் கிடைப்பது கருவின் ஆரம்பகால ரத்தம். மஜ்ஜையில் போய்க் குடியேறாது. குடியேறும் ரத்த செல்லை உண்டாக்க டேலி குழு 26 மரபணுக்களை முயன்று, அதற்கு உதவும் 7-ஐப் பிடித்தது. எலியில் குடியேறிய செல்லை எடுத்து இரண்டாவது எலிக்கு மாற்றியும் பார்த்தார்கள். அங்கும் ரத்தம் உண்டானது. ஆனால் அந்த ஏழில் எர்க், ஹாக்ஸ்-ஏ9 போன்றவை ரத்தப் புற்றுநோயில் தலைகாட்டும் மரபணுக்கள், அவற்றைச் செருகியதோ வைரஸ். நோயாளிக்குக் கொடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. மரபணு செருகாமலே இதைச் செய்துகாட்டியது மெல்பர்ன் குழு, 2024-இல்.

ஹார்வர்டு டீன் என்றதும் பெரிய அதிகாரம் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பள்ளிக்குச் சொந்தமாக ஒரு மருத்துவமனைகூடக் கிடையாது. பேராசிரியர் பதவி பள்ளி கொடுப்பது. பெரும்பாலோருக்குச் சம்பளமும் ஆய்வகமும் இணைப்பு மருத்துவமனைகளில். 2018 அக்டோபரில் இதய ஆய்வாளர் பியரோ அன்வெர்சாவின் முன்னாள் ஆய்வகத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று சொன்னபோதும் ஹார்வர்டும் அதன் இணைப்பு மருத்துவமனையான பிரிகாமும் சேர்ந்தே சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கட்டுரைகளும் ஸ்டெம் செல் பற்றியவைதான், இதயத்தில்.