கேபிளை வெட்டினால் எஸ்டபிள்யூஆர் இறங்குமா?

14.1 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் (நடுவில் கேபிள் மாட்டும் இரண்டு கைக் கம்பி ஆன்டெனா) கட்டி முடித்ததும் முதலில் கேட்ட அறிவுரை, "கோஆக்ஸ் கேபிள் அரை அலைநீளக் கணக்கில்தான் இருக்கணும்" என்பது. என் கோஆக்ஸ் கேபிளான ஆர்ஜி-58இன் வேகக் காரணி (ஒளிவேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் கேபிளுக்குள் அலை ஓடுகிறது என்பது) 0.66, கணக்குப் போட்டால் 7.02 மீட்டர். அப்படியே வெட்டி மாட்டினேன், எஸ்டபிள்யூஆர் (சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் விகிதம்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.4. கூடவே 2 மீட்டர் துண்டு ஒன்றைச் சேர்த்ததும் 1.9 ஆகிவிட்டது. அப்போ அறிவுரை சரிதானோ?

மனசு ஒப்பவில்லை. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, கேபிள் முனையில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்து, மறுமுனையை நானோவிஎன்ஏ என்ற சிறு அளவைக் கருவியில் மாட்டினேன். 7 மீட்டரில் கிட்டத்தட்ட அதே 100 ஓம். பாதியாக வெட்டி 3.5 மீட்டரில் பார்த்தால் 25 ஓம்! இன்னொரு பாதி குறைத்து 1.75 மீட்டரில் 40 ஓம், கூடவே மைனஸ் 30 ஓம் ரியாக்டன்ஸ் (மின்தேக்கியும் சுருளும் தரும் வகைத் தடுப்பு). ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எண்கள் போல இருக்கும். ஆனால் மூன்றிலும் எஸ்டபிள்யூஆர் 2ஐ ஒட்டியே நின்றது. நீளத்தோடு மாறுவது இம்பிடன்ஸ், அதாவது ரெசிஸ்டன்ஸும் ரியாக்டன்ஸும் சேர்ந்த மொத்தத் தடுப்பு. எஸ்டபிள்யூஆர், கேபிள் இழப்பால் துளி குறைவதோடு சரி.

சிபி ரேடியோக்காரர்கள் (27 மெகாஹெர்ட்ஸில் பேசும் பொதுமக்கள்) சொல்லும் 'கேபிள் 18 அடி இருக்கணும்' என்ற கணக்கும் இங்கேதான் உதைக்கிறது. 27 மெகாஹெர்ட்ஸில் 18 அடி என்பது காற்றில் அரை அலைநீளம். ஆர்ஜி-58க்குள் அதுவே முக்கால் அலைநீளம்!

அப்புறம் டைபோலில் மட்டும் ஏன் மாறியது? மீட்டரைப் பார்த்தபடியே கேபிளைக் கையால் பிடித்தேன். முள் அசைந்தது. கேபிளின் உலோக உறையான ஷீல்டின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் ஓடுகிறது; டைபோலுக்கு மூன்றாவது கையாகக் கேபிளே வேலை செய்கிறது. துண்டு சேர்த்தபோது நான் நீட்டியது ஆன்டெனாவைத்தான். 31 வகை ஃபெரைட் வளையத்தில் அதே கேபிளை 12 சுற்றுச் சுற்றி, டைபோலின் நடுவிலேயே சோக்காக (வெளிப்புற மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருளாக) வைத்தேன். 7 மீட்டரில் 1.5, 9 மீட்டரில் 1.5, 12 மீட்டரிலும் 1.5. கை பட்டாலும் முள் அசையவில்லை. அந்த நிமிடம் கிடைத்த நிறைவு பெரிது.

அடுத்து 145 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா. அங்கே 10 மீட்டர் ஆர்ஜி-58 சுமார் 2 டெசிபலை விழுங்கிவிடும். அதாவது சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சூடாகவே போய்விடும். அதனால் அரை அலைநீளம் பார்க்காமல், ரேடியோவுக்கு எட்டுகிற அளவுக்கு மட்டும் வெட்டப் போகிறேன்.