அக்காவின் காலும் பார்க்கின் மரபணுவும்

அக்காவுக்கு 31 வயதில் இடது பாதம் உட்பக்கமாகத் திரும்பத் தொடங்கியது. காலையில் எழுந்தவுடன் நன்றாக நடப்பார்; திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் பெருவிரல் மேல்நோக்கி வளைந்து செருப்புக் கழன்றுவிடும். நரம்பு பிசகியிருக்கும் என்று எண்ணெய் போட்டு உருவியதிலும் முள்ளந்தண்டைப் படம் பிடித்ததிலும் இரண்டு வருடங்கள் போயின.

பிறகு ஒரு நரம்பியல் வைத்தியர் அவரைத் தாழ்வாரத்தில் நடக்கவிட்டு, இடது கை வீசாமல் உடம்போடு ஒட்டியிருப்பதை எனக்குக் காட்டினார். அதே வீட்டில் இருந்தும் அதை நான் கவனித்ததேயில்லை. உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய் இல்லையென்பதை இரத்தத்திலும் கண்ணிலும் பார்த்து உறுதிசெய்தார். பார்க்கின்சன் நோய்க்குக் (நடுக்குவாதத்துக்கு) கொடுக்கும் லெவோடோபா குளிசை சிறிய அளவிலேயே நன்றாகக் கேட்டதும், பார்க்கின் மரபணுவைப் பார்க்கவேண்டும் என்றார்.

1998இல் யப்பானிய ஆய்வாளர்கள், இளவயதிலேயே பார்க்கின்சன் நோய் வந்தவர்களிடம் கண்டறிந்த மரபணு அது. அது ஆக்கும் புரதம், கழிக்கவேண்டிய புரதங்களின்மீது யுபிகுயிட்டின் என்னும் சிறு புரதத்தை ஒட்டுகிறது. அந்த அடையாளத்தைக் கண்டே கலம் அவற்றைச் சிதைக்கிறது. கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகள் பழுதானால் அவை அகற்றப்படுவதற்கும் இதுவே வேண்டும். இந்த வேலை நின்றுபோனால் முதலில் அழிபவை, உடலசைவுகளுக்கு வேண்டிய டொபமைனைச் சுரக்கும் மூளைக் கலங்கள்.

தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒவ்வொன்றாக வரும் இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் நோய் வரும். பரிசோதனை அறிக்கையின்படியோ ஒரு பிரதியில் மட்டும் ஓர் எழுத்துப் பிழை, அதாவது மரபணுக் குறியீட்டில் ஓர் எழுத்தின் மாற்றம், இருந்ததால், காரணம் இதுவல்ல என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. நான்கு மாதங்கள் அதையே நம்பியிருந்தோம். அறிக்கையைப் பார்த்த வைத்தியர் ஒத்துக்கொள்ளவில்லை. 13 இலட்சத்துக்கும் அதிகமான எழுத்துகள் கொண்ட அந்த மரபணுவில் ஒரு துண்டே இல்லாமற்போவது வழமை என்றும், எழுத்துகளை வாசிக்கும்போது மற்றப் பிரதியிலுள்ள நல்ல துண்டு அந்தக் குறையை மறைத்துவிடும் என்றும் விளக்கினார். துண்டுகளை எண்ணும் பரிசோதனையைத் தனியாகச் செய்தபோது, மூன்றாம் எக்ஸான் (புரதத்துக்கான குறியீடுள்ள துண்டு) ஒரு பிரதியில் இல்லாமலிருந்தது.

சொந்தத்துக்குள் கலியாணமோ என்று கேட்காத உறவினர் இல்லை. அம்மா வடமராட்சி, அப்பா தீவகம். எந்த உறவும் கிடையாது. அம்மாவின் இரத்தத்தில் எழுத்துப் பிழை மட்டும் இருந்ததால், துண்டிழப்பு காலஞ்சென்ற அப்பாவிடமிருந்து வந்ததென்று தெளிந்தது. அக்காவின் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பழுதான பிரதி நிச்சயம். எனக்கு நோய்க்குரிய இரண்டும் வந்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

இதே பரிசோதனைக்குப் போகிறவர்கள், இரத்தம் கொடுக்கும் அன்றே துண்டிழப்பையும் எண்ணுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டு தடவை பணம் கட்டினோம்.