மோதலுக்குப் பிறகு ஸ்டீயரிங் ஆட்டம்

ஜூன் 6

சாலையோரக் கல்லில் இடித்த கார் பட்டறையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. இடது முன்பக்கம் புது ரிம், புது டயர், பம்பர் எல்லாம் சரி. சக்கரங்களின் கோணம் சரியா என்று அலைன்மெண்ட் பார்த்ததற்கு அச்சடித்த தாளும் கொடுத்தார்கள். ஆனால் ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருக்கிறது. லேசாகத் திருப்பினால் கார் கேட்பதில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினால் சட்டென்று அதிகமாகவே திரும்புகிறது.

போன் செய்தேன். “ஓட்ட ஓட்டச் செட் ஆகிவிடும் சார்” என்றார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. கழன்ற நட்டு ஓட்ட ஓட்ட இன்னும் கழலத்தான் செய்யும். காரணம் தெரியும்வரை கார் வாசலைத் தாண்டாது.

ஜூன் 7

முதலில் ஆட்டத்தை அளந்தேன். சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டீயரிங் வளையத்தின் மேல் சிறு டேப் ஒட்டி, டயர் அசையத் தொடங்கும்வரை வளையம் எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேலில் பார்ப்பது. பல கார்களின் சர்வீஸ் புத்தகத்தில் 30 மி.மீ. உச்சவரம்பு. இங்கே 50 மி.மீ.க்குப் பக்கம். “லூசாகத் தெரிகிறது” என்றால் வாதம் வளரும், எண்ணைச் சொன்னால் வளராது.

வீல் நட்டுகள் இறுக்கமாகவே இருக்கின்றன. புது ரிம் மாட்டிய வண்டியில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

ஜூன் 8

ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கையை உள்ளே விட வேண்டாம்.

டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வீல் பேரிங்கோ, சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயிண்டோ காட்டிக்கொடுக்கும். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்ல வேண்டும். அப்போது நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் பக்கம். இரண்டுமே இங்கே நன்றாக இருக்கின்றன. இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராடு எண்ட் (ஸ்டீயரிங்கின் தள்ளலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனை) தெரியும். அதிலும் பெரிதாக ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும் மனதில் உறுத்துகிறது. ஸ்டீயரிங்கை முழுக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றும்போது, நடுவைத் தாண்டி ஓரிடத்தில் கொஞ்சம் இறுகுகிறது.

ஜூன் 10

கிடைத்துவிட்டது!

இன்று சக்கரங்கள் தரையில் இருக்கும்படி, முன்பக்கத்தைச் சாய்வுமேடையில் ஏற்றினேன். தம்பி உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைச் சிறிதுசிறிதாக இடம் வலம் ஆட்ட, நான் டார்ச்சோடு கீழே படுத்தேன். ஸ்டீயரிங் தண்டின் அடியிலுள்ள ஜாயிண்டில் விரல் வைத்துப் பார்த்தேன், அசைவில்லை. அப்புறம் ராக், அதாவது ஸ்டீயரிங் சுற்றுவதை இடவலத் தள்ளலாக மாற்றிச் சக்கரங்களைத் திருப்பும் குறுக்குக் கம்பி அமைப்பு. “இன்னும் கொஞ்சம் ஆட்டுடா” என்றதும் ராக் முழுசாகப் பக்கவாட்டில் நகர்ந்தது, கூடவே ‘டக்’. ராக்கை வண்டியோடு பிடிக்கும் இடப்பக்கப் பிடிப்பில் ரப்பர் புஷ் பாதிக்குக் கிழிந்து வெளியே பிதுங்கியிருக்கிறது. போல்ட் தலையைச் சுற்றிப் பெயிண்ட் உரசிப்போய், பளபளவென்று புது இரும்பு பிறைவடிவில் தெரிகிறது.

தூக்கி வைத்தபோது ஏன் தெரியவில்லை? அந்தரத்தில் தொங்கும் சக்கரம் எதிர்ப்பே இல்லாமல் திரும்பிவிடும், ராக் தன் பிடிப்பைத் தள்ள வேண்டிய தேவை வராது. எடை தரையில் இறங்கியிருக்கும்போது சக்கரம் எதிர்க்கிறது, அந்த விசை பிடிப்பின் மேல் விழுகிறது. மோதலில் நடந்ததும் இதுதான், பல மடங்காக: சக்கரம் வாங்கிய அடி டை ராடு வழியாக நேரே ராக்கில் இறங்கியிருக்கிறது. ராக்கே நகரும் வண்டியில் அலைன்மெண்ட் பார்த்து என்ன பயன்? அந்தத் தாள், மெஷினில் நின்ற நேரத்துக்கு மட்டும்தான் உண்மை.

ஜூன் 12

காரைத் தூக்கு வண்டியில் வேறொரு பட்டறைக்கு அனுப்பினேன். அங்கிருந்த பெரியவர் அண்டர்சேஸிஸ் வேலையிலேயே ஊறியவர். ராக் முனையை மூடிய ரப்பர் உறையைக் கழற்றி, ராக் கம்பியை இடம் வலம் நகரவிட்டு, சிறு வளைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்தார். முள் ஆடியது. கம்பி வளைந்திருக்கிறது, அந்த இறுக்கத்துக்கு அதுதான் காரணம். “இதைத் தட்டி நிமிர்த்தக் கூடாதுங்க, மாத்திடணும்” என்றார். எனக்கும் அதே கருத்துதான். ராக், இரு பக்க டை ராடு, பிடிப்பு போல்ட்டுகள் எல்லாமே புதிது.

வேலை தொடங்கும் முன் ஸ்டீயரிங்கை நேராக வைத்து சீட் பெல்ட்டால் கட்டினார். ஸ்டீயரிங் தண்டு ஜாயிண்ட் கழன்ற பிறகு வளையம் தாறுமாறாகச் சுற்றினால், உள்ளே ஏர்பேக்குக்குப் போகும் சுருள் வயர் அறுந்துவிடும். இப்படி ஒருவர் கவனமாக வேலை செய்வதைப் பார்ப்பதே நிம்மதி.

ஜூன் 15

அலைன்மெண்ட் மறுபடி பார்த்து, ஸ்டீயரிங் கோண சென்சாரையும் நடுநிலைக்குக் கொண்டுவந்தார்கள். அதே டேப், அதே ஸ்கேல்: 10 மி.மீ.க்கும் கீழே. வேகத்தடையில் சத்தமில்லை. கிழிந்த புஷ், கேஜ் முள் ஆடிய வீடியோ இரண்டையும் காப்பீட்டு ஆய்வாளருக்கு அனுப்பியாயிற்று. முதல் மதிப்பீட்டில் ராக் சேர்க்கப்படவே இல்லை. துணை மதிப்பீடு போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.