கல்வெட்டுச் சேவரும் 50 ஓம் கேபிளும்

ஒரு பழைய அச்சக மென்பொருளின் புரோட்டோகோலை, அதாவது அதன் இரண்டு கணினிகள் தமக்குள் பேசுகிற முறையை, அவிழ்த்தது லேசான வேலை. அது பேசுவதைக் கேட்கிற இடத்துக்கு ஒரு வயரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள்தான் உயிர் போய் வந்தது. இன்னும் எரிச்சல் அடங்கவில்லை, அதனால் வயரிலிருந்தே தொடங்குகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகம். 2002 இல் ஏ9 பாதை (யாழ்ப்பாணத்துக்கான தரைவழி) திறந்த பிறகு கொழும்பிலிருந்து லொறியில் வந்த இரண்டு பழைய விண்டோஸ் 95 பெட்டிகள். ஒன்று சேவர், மற்றதில் தட்டச்சு. அந்தியேட்டிக்கு (இறந்தவருக்கு 31ஆம் நாள் செய்கிற கிரியை) அடித்த கல்வெட்டுகளின், அதாவது இறந்தவர் நினைவாக அச்சிடுகிற சிறு நூல்களின், எழுத்து முழுக்கச் சேவரில் கிடக்கிறது. இப்போது கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் "அப்பப்பாவின்ர கல்வெட்டு இருக்கோ, வம்சாவளி எழுத வேணும்" என்று முதலாளி ஐயாவுக்கு ஓயாமல் அழைப்பு. மென்பொருளோ ஒரு நேரத்தில் ஒரு கல்வெட்டைத் திறக்கும், அச்சடிக்கும். வெளியே எடுக்க வழியில்லை. சேவரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி முதல் வேலையாக முழுப் பிரதி எடுத்துவிட்டேன் (இதைச் செய்யாமல் பழைய பெட்டிக்கு மின்சாரமே கொடுக்காதீர்கள்). உள்ளே பார்த்தால் எல்லாம் அமுக்கி வைத்த ஒரே பெரிய கோப்பு, தலையும் தெரியவில்லை, காலும் தெரியவில்லை. ஆனால் தட்டச்சுப் பெட்டி கேட்டால் சேவர் தானே விரித்துக் கொடுக்கிறது. அப்படியென்றால் தட்டச்சுப் பெட்டி போல நடித்துக் கேட்டால் போயிற்று.

இரண்டு பெட்டிக்கும் நடுவே ஓடுவது 10பேஸ்2 என்ற பழைய வகை ஈதர்நெட் (கணினிகளை வயரால் இணைக்கிற முறை), அதாவது மெல்லிய கோஆக்சியல் வயர், பிஎன்சி என்ற வட்ட முனை, ஒவ்வொரு நெட்வேர்க் கார்டிலும் ஒரு டீ (T வடிவ இணைப்பு), இரு கோடியிலும் சிக்னல் திரும்பாமல் அடைக்கிற 50 ஓம் டெர்மினேட்டர். இடையில் நான் ஒரு ஹப்பை (ஒரு வாயில் வருவதை மற்ற எல்லா வாய்க்கும் அனுப்புகிற பெட்டி) செருக வேண்டும், அதற்கு இன்னொரு துண்டு வயர் வேண்டும். கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு கடையில் கேட்டேன். "இருக்கு தம்பி" என்று சிசிடிவி வயரை வெட்டித் தந்தார். அது 75 ஓம். திருப்பிக் கொண்டுபோனால், "பிஎன்சி எண்டா பிஎன்சி தானே, முனை பூருதெல்லோ?" முனை பூரும், மறுக்கவில்லை. ஆனால் சிக்னல் முட்டித் திரும்பி வந்து, பாக்கெட்டுகள் (கணினிகள் அனுப்புகிற தரவுத் துண்டுகள்) குப்பையாகப் போகலாம். வெட்டின வயருக்குக் காசு திருப்பித் தரமாட்டாராம்.

ஹப்புக்குக் கொழும்பு. பிஎன்சி வாயும் இன்றைய நெட்வேர்க் வயருக்கான ஆர்ஜே45 வாயும் இரண்டும் உள்ள பழைய ஹப் வேண்டும் என்று தொலைபேசியில் தெளிவாகச் சொல்லி, "ஓம், கிடக்கு, வாங்கோ" என்ற பதிலையும் வாங்கிக்கொண்டுதான் இரவு பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் கமரா வீடியோவைப் பிரிக்கிற பெட்டி. பிஎன்சி வாய் வரிசையாக இருக்கிறது, ஈதர்நெட் மணமே இல்லை. படம் அனுப்பச் சொல்லிக் கேட்காமல் எந்தச் சாமானுக்கும் பஸ் ஏறாதீர்கள். கடைசியில் அந்த ஹப் கொக்குவிலில் ஒரு பழைய கணினி வகுப்பின் களஞ்சியத்தில் தூசியோடு கிடந்தது. சும்மா தந்தார்கள். வயர் கிடைத்தது குருநகரில், படகு ரேடியோ திருத்துகிறவரிடம். அன்ரெனாவுக்கு அவர்கள் போடுவது ஆர்ஜி-58, அது 50 ஓம். டெர்மினேட்டரை நானே செய்தேன்: இரண்டு 100 ஓம் ரெசிஸ்டரைப் பக்கம் பக்கமாக வைத்து ஒரு பிஎன்சி முனைக்குள் பற்றவைத்தால் 50.

இதை மட்டும் குறித்து வையுங்கள். எல்லாப் பெட்டியையும் நிறுத்திவிட்டு, டீயில் நடுக் கம்பிக்கும் உறைக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். சுமார் 25 ஓம் காட்டினால் இரு கோடியும் சரி. 50 காட்டினால் ஒரு கோடியின் இணைப்புப் போயிற்று. வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

இனி கேட்பது. ஹப் என்பதால் எல்லாப் பேச்சும் என் மடிக்கணினிக்கும் வரும். வயரில் ஓடுவதைக் காட்டுகிற வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்த உடனே, ஐபிஎக்ஸ் (அந்தக் காலத்து நெட்வேர்க் புரோட்டோகோல்) என்று அதுவே கண்டுபிடித்துவிட்டது. பாக்கெட்டின் நீளத்தைச் சொல்கிற இடத்துக்குப் பிறகு நேராக 255 255 வருகிற, நொவெல் நிறுவனக் காலத்துப் பழைய ஈதர்நெட் வடிவம் (802.3). ஐபிஎக்ஸின் 30 பைட் தலைப்புக்கு ஆவணம் உண்டு. அதற்குப் பின்னால் வருவதுதான் அச்சகத்து மென்பொருளின் சொந்தப் பாஷை.

ஒரு கல்வெட்டைத் திறக்கக் கேட்கிற பாக்கெட்டில் முதல் இரண்டு பைட் எப்போதும் 75, 86. பிறகு கட்டளை, கல்வெட்டு இலக்கம், இன்னும் சில. அதன் வால் எனக்கு நல்ல தண்ணி காட்டியது. ஒரே கல்வெட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் கடைசி எட்டு பைட் மாறிக்கொண்டே இருந்தது. ரகசியச் சாவியோ, நேர முத்திரையோ? ஒன்றுமில்லை. ஈதர்நெட் சட்டகத்தின் (பாக்கெட்டைச் சுற்றுகிற உறை) உள்ளடக்கம் குறைந்தது 46 பைட் இருக்க வேண்டும். தலைப்பு 30, கேள்வி 8, மிச்சம் 8 ஐ நிரப்பக் கார்டின் டிரைவர் பழைய நினைவகத்தில் கிடந்த குப்பையை அள்ளிப் போடுகிறது. ஐபிஎக்ஸ் தலைப்பில் உள்ள நீளம் 38 என்று கத்திக்கொண்டு நிற்கிறது. அந்த நீளத்துக்கு அப்பால் உள்ள எதையும் ஆராயாதீர்கள்.

உண்மையான கடைசி பைட், அதாவது கேள்வி பிழையில்லாமல் வந்ததா என்று பார்க்கிற சரிபார்ப்பு பைட், ஒரு மாலையில் பிடிபட்டது. அடுத்தடுத்த இலக்கங்களைக் கேட்டுப் பார்த்தேன். 6 க்கு 51, 7 க்கு 50, 8 க்கு 61. கூட்டல் என்றால் ஒவ்வொன்றாக ஏற வேண்டும். இது இறங்கிப் பிறகு பாய்கிறது. எக்ஸ்-ஓர் (இரு எண்களைப் பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபடுகிற இடத்தில் மட்டும் 1 போடுவது)! 51 ஐயும் 6 ஐயும் அப்படிப் போட்டால் 53. அந்த 53 ஐ வைத்து மூன்றையும் போட்டுப் பார்த்தால் அச்சொட்டாகப் பொருந்துகிறது. மென்பொருளை எழுதிய அண்ணை இப்போது கனடாவில். முன்னமே செய்தி போட்டிருந்தேன். எல்லாம் முடிந்த பிறகு பதில் வந்தது: "ஓம் தம்பி, எக்ஸ்-ஓர் தான் போட்டனான் எண்டு நினைக்கிறன்." நன்றி அண்ணை.

எழுத்து பாமினி, ஆங்கில விசைகளின் எண்களிலேயே தமிழை வைக்கிற பழைய எழுத்துரு. அது தெரிய நிபுணத்துவம் வேண்டாம், 59 ஐப் பார்த்தால் போதும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி என்பது அரைப்புள்ளி (;) விசை, அதன் எண் 59. தமிழில் புள்ளி இல்லாமல் எத்தனை சொல் நகரும்? பாக்கெட் முழுக்க 59 தெறித்துக் கிடந்தது. 97 104 111 59 103 59 103 104 122 107 59 என்று ஒரு வரிசை அடிக்கடி வர, விரலாலேயே வாசித்துவிட்டேன்: யாழ்ப்பாணம்.

ஒரு பொறி இருக்கிறது. சேவர் விடையை 512 பைட் துண்டுகளாக அனுப்புகிறது. பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும், இன்றைய பொது எழுத்து முறையான யூனிகோடில் பின்னால். கொம்பு ஒரு துண்டின் கடைசியிலும் அதன் எழுத்து அடுத்த துண்டின் தொடக்கத்திலும் விழுந்தால், துண்டு துண்டாக மாற்றுகிறவனுக்குப் பேரெல்லாம் சிதையும். கல்வெட்டில் பேர் பிழைத்தால் அச்சகத்து வாசலில் சண்டை. முதலில் எல்லாத் துண்டையும் ஒட்டுங்கள், பிறகு யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

நாங்களே சேவரிடம் கேட்பதற்கு இன்றைய லினக்ஸில் ஐபிஎக்ஸ் இல்லை, 2018 இல் 4.18 கேர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி) எடுத்துவிட்டார்கள். விண்டோஸில் விஸ்டாவோடு போயிற்று. அதனால் பைதன் நிரல்மொழியில் சட்டகத்தை முழுதாக நானே கட்டி அனுப்பினேன். சேவர் வாய் திறக்கவில்லை. அனுப்புநர் முகவரியாகத் தட்டச்சுப் பெட்டியின் கார்டு முகவரியைப் போட்ட பிறகுதான் பேசியது. அந்தப் பெட்டியை அப்போது நிறுத்தி வைக்க வேண்டும். அடுத்தடுத்து வேகமாகக் கேட்டாலும் சேவர் உறைந்துபோகும். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு ஒரு வினாடி விட்டேன், இரவிரவாக ஓடி முடிந்தது.

எழுத்து எல்லாம் வந்துவிட்டது. ஐயா தேடிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "படம் எங்க தம்பி?" படங்கள் வேறு கட்டளையில் வருகின்றன. அகலமும் உயரமும் முதல் நான்கு பைட்டில் என்பது வரை பிடித்திருக்கிறேன். அதற்குப் பின்னால் ஒரே பைட் மீண்டும் மீண்டும் வருகிற இடங்களில் எண்ணிக்கை போட்டுச் சுருக்கியிருப்பது போலத் தெரிகிறது, ஆனால் முகம் வருகிற இடத்தில் கணக்கு உதைக்கிறது. வெறும் வெள்ளைப் படமொன்றைச் சேவரில் ஏற்றி, அது எப்படித் திரும்பி வருகிறது என்று பார்ப்பதுதான் அடுத்த வேலை. ஐயா கடையைப் பூட்டுகிற போயா (பௌர்ணமி விடுமுறை) நாளுக்குத் திகதி போட்டாயிற்று.