லம்பத்து மணலில் செண்டுடுக்

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பீடோரில் எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்குப் பின்னால் பெரியப்பாவின் அரை ஏக்கர் கிடக்கிறது. பழைய ஈயலம்ப நிலம், அதாவது வெள்ளீயச் சுரங்கம் இருந்த இடம். 1985-இல் ஈய விலை சரிந்த பிறகு லம்பத்தை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். மிஞ்சியது வெள்ளை மணல், ஒரு குட்டை, அங்கங்கே லாலாங் புல். இந்த மண்ணுக்கு உரிய செடிகளையே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு ஆசை.

போன வருடம் நான் செய்தது தப்பு. தானாக முளைத்திருந்த செண்டுடுக் என்ற ஊதாப்பூப் புதர்களைக் களை என்று நினைத்துச் சாங்குல் மண்வெட்டியால் கொத்தி எடுத்துவிட்டு, வெட்டவெளியில் 30 லெபான் கன்றுகளை நட்டேன். லெபான் மரம் நம் நொச்சிக்குச் சொந்தம். தினமும் தண்ணீர் ஊற்றியும் ஒரே மாதத்தில் 26 கருகிவிட்டன. மதியத்தில் அந்த மணலில் செருப்பில்லாமல் நிற்க முடியாது.

பக்கத்து வீட்டுத் தாத்தா லம்பத்தில் வேலை செய்தவர். "மணல்ல தண்ணி நிக்காது தம்பி. களியெல்லாம் குட்டைக்குப் போயிருச்சு" என்றார். ஈயம் அலசும்போது மணல் ஒரு பக்கம் தங்கிவிடும், நுண்ணிய களி நீரோடு ஓடிக் குட்டையில் படியும். அந்தக் களியைத்தான் இந்த முறை கொஞ்சம் எடுத்தேன். கரையோரத்தில் காய்ந்ததை மட்டும். உள்ளே கால் வைத்தால் இழுத்துவிடும் என்று தாத்தா இரண்டு முறை எச்சரித்தார்.

2 அடிக் குழி, இரண்டு பங்கு மணலுக்கு ஒரு பங்கு களி, மேலே செம்பனை (பாமாயில்) ஆலையில் பழம் உதிர்த்த வெறுங்குலை. ஆனால் உண்மையில் காப்பாற்றியது செண்டுடுக்தான் என்று நினைக்கிறேன். அமில மண்ணில் மற்ற செடிகளின் வேரைக் கெடுக்கும் அலுமினியத்தை அது இலையில் சேர்த்துக்கொண்டே வளர்கிறது. மறுபடி தழைத்த அந்தப் புதர்களின் நிழலில், கிழக்குப் பக்கமாக 20 லெபான் வைத்தேன், மாலை வெயில் படாமல். ஏழு மாதமாகிறது, 15 நிற்கின்றன. செத்ததில் 4, களி அதிகமாகித் தண்ணீர் தேங்கிய குழிகள்.

செண்டுடுக் பழம் வெடித்ததும் மெர்பா குருவிகள் வருகின்றன. அப்புறம், நான் நடாத ஒரு மகாங் என்ற காட்டுமரக் கன்று புதரடியில் முளைத்திருக்கிறது.

கெமுந்திங் என்ற பழப்புதரின் விதை போட்டதும் முளைத்தது, ஆனால் இன்னும் விரல் நீளம்தான். தொட்டியிலேயே இருக்கட்டும். அக்டோபர் மழைக்குள் மேற்குப் பக்கம் குழி தோண்டி வைக்க வேண்டும், இந்தத் தடவை களியைக் குறைத்து.