ஆறு கப்பல் இருக்கு, கடலில் எத்தனை இருக்கு?

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஒரு பிரிட்டிஷ் எஃப்-35பி போர் விமானம் மழையில் நனைந்துகொண்டு நின்றது ஞாபகம் இருக்கும். 2025 ஜூன் 14 இரவு அவசரமாக வந்து இறங்கியது, ஹைட்ராலிக் கோளாறு, ஜூலை 22 வரை கிளம்பவில்லை. அங்கே டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் என் தங்கை மாப்பிள்ளை தினம் ஒரு மீம் அனுப்புவார், கேரளச் சுற்றுலாத் துறையே அதை வைத்துக் கிண்டலடித்தது, நானும் சிரித்தேன். ஆனால் இருபது வருடத்துக்கு மேல் வணிகக் கப்பல்களின் எஞ்சின் ரூமில் குப்பை கொட்டியவன் என்பதால், எனக்கு விமானத்தைவிட அது கிளம்பி வந்த கப்பல்மேல்தான் கண்.

அந்தக் கப்பலின் பெயர் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ். சுமார் 65,000 டன், பிரிட்டனிடம் இருக்கும் இரண்டு விமானந்தாங்கிகளில் ஒன்று. அதன் தலைமையில் ஜப்பான் வரை போய்வரக் கிளம்பிய அணியில் நார்வே, கனடா, ஸ்பெயின் நாட்டுப் போர்க்கப்பல்களும் உண்டு. கூட்டாளிகள் கூட வருவதில் தப்பில்லை. ஆனால் கூட வந்த சப்ளைக் கப்பல்களில்கூட ஒன்று நார்வேக்காரர்களுடையது. வெடிமருந்து, ஸ்பேர், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் நடுக்கடலில் கொடுப்பதற்கென்று பிரிட்டனிடம் மிச்சமிருந்த ஒரே கப்பல் ஃபோர்ட் விக்டோரியா, அது மாலுமிகள் போதாமல் கட்டிப்போட்டுக் கிடந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு இரவல் குதிரை வாங்கலாம், சரி, சமையலுக்கு அடுப்பையுமா?

அதே வருடம் செப்டம்பரில் போர்ட்ஸ்மத் போக வேண்டி வந்தது. பெரியப்பா மகள் அங்கே நர்ஸ். அத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வா மாப்ளே, உலகத்தையே ஆண்ட நேவிய முக்கால் மணி நேரத்துல காட்டுறேன்" என்று துறைமுகத்தைச் சுற்றும் படகில் ஏற்றிவிட்டார். ஒவ்வொரு கப்பலாகக் காட்டி மைக்கில் ஒருவர் சொல்லிக்கொண்டே வந்தார். நான் என் பழக்கத்துக்குப் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். புகைபோக்கி வாயில் கித்தான் மூடி போட்டிருந்தால் அந்தக் கப்பல் இப்போதைக்கு எங்கும் போகாது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. சில கப்பல்கள் சாரம் கட்டி, வெள்ளை ஷீட் போர்த்திக் கிடந்தன. அட்மிரல் நெல்சனின் பழைய மரக்கப்பல் விக்டரிகூட சாரத்துக்குள்தான், அதற்கு 260 வயது, அதை விடுங்கள். விமானந்தாங்கிகளுக்கென்றே கட்டிய நீளமான ஜெட்டி காலி. ஒன்று கிழக்கே போயிருந்தது, இன்னொன்று ஸ்காட்லாந்தில் ரொசைத் டிரை டாக்கில். அத்தான் முணுமுணுத்தார், "எண்ணிப் பாத்தியா, நம்ம நாகப்பட்டினத்துல மீன்பிடித் தடைக்காலத்துல நிக்கிற போட்டுங்க மாதிரி இல்ல?"

எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். 1982-ல் ஃபாக்லாந்து தீவுகளுக்காக அர்ஜென்டினாவோடு போருக்குப் போனபோது பிரிட்டனிடம் டெஸ்ட்ராயரும் ஃபிரிகேட்டும் (பெரிய கப்பல்களுக்குக் காவல் போகும் போர்க்கப்பல் வகைகள்) சேர்த்துக் கிட்டத்தட்ட அறுபது. 1998-ல் 32 என்று முடிவு செய்தார்கள். 2004-ல் 25. 2010-ல் 19. 2025-ல் டெஸ்ட்ராயர் ஆறு, ஃபிரிகேட் ஏழெட்டு. ஒவ்வொரு தடவையும் சொன்ன காரணம் ஒன்றுதான்: புதுக் கப்பல் பழைய கப்பலைவிடப் பல மடங்கு திறமையானது, அதனால் குறைவாக இருந்தாலே போதும்.

இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. செங்கடலில் ஏமனின் ஹூத்தி கிளர்ச்சிக்காரர்கள் ட்ரோன் விட்டபோது டயமண்ட் என்ற ஒரே டெஸ்ட்ராயர் 2024 ஜனவரியில் ஒரே இரவில் ஏழு ட்ரோன்களைச் சுட்டு வீழ்த்தியது. ஃபாக்லாந்தில் இதே வகைக் கப்பல்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் இது வேறு உலகம். ஆனால் எவ்வளவு திறமையான கப்பலும் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் இருக்கும். அப்புறம், கப்பல் சுவரில் மாட்டிய துப்பாக்கி இல்லை, எடுத்தவுடன் சுடுவதற்கு. ஒன்று பணியில் இருந்தால், ஒன்று பயிற்சியிலோ போகும் வழியிலோ இருக்கும், ஒன்று பட்டறையில் இருக்கும். மூன்றுக்கு ஒன்று என்பது கடற்படைகள் பொதுவாகப் போடும் கணக்கு. அறுபதில் மூன்றில் ஒன்று இருபது, அதில் நாலு மூழ்கினாலும் சண்டை போடலாம், 1982-ல் அப்படித்தான் நாலு மூழ்கியது. பதினாலில் மூன்றில் ஒன்று நாலரை. அதிலும் அந்த அரைக்கு ஷாஃப்டில் கோளாறு வரும்.

ஷாஃப்ட் என்று சும்மா சொல்லவில்லை. 2022 ஆகஸ்டில் இதே பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அமெரிக்காவுக்குக் கிளம்பி, போர்ட்ஸ்மத்துக்கு எதிரிலேயே இருக்கும் வைட் தீவைத் தாண்டியதும் நின்றுவிட்டது, புரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்டின் துண்டுகளை இணைக்கும் கப்ளிங் போய்விட்டது. 2024 பிப்ரவரியில் நேட்டோ பயிற்சிக்கு குயின் எலிசபெத் கிளம்பும் நேரத்தில் அதற்கும் கப்ளிங் பிரச்சினை, அவசரமாகப் பழைய நோயாளியை அனுப்பினார்கள். இரண்டு இருந்ததால் மானம் தப்பியது.

இன்னும் மோசமான கதை அந்த ஆறு டெஸ்ட்ராயர்களுடையது. முதலில் பன்னிரண்டு கட்டுவதாகத் திட்டம், பிறகு எட்டு, கடைசியில் ஆறு. அதன் கேஸ் டர்பைனில் எரிபொருளை மிச்சப்படுத்த, உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வைத்திருந்தார்கள். குளிர்ந்த அட்லாண்டிக்கில் நன்றாக ஓடியது, வளைகுடாவின் வெதுவெதுப்பான தண்ணீரில் இன்டர்கூலர் திணறி டர்பைன் நின்றுவிடும், அப்போது மொத்தச் சுமையும் இரண்டு சின்ன டீசல் ஜெனரேட்டர்கள் தலையில் விழும், அவையும் தாங்காமல் டிரிப் ஆகும், கப்பல் முழுக்க பிளாக் அவுட். ரேடார், ஏவுகணை, புரொப்பெல்லர் எல்லாமே கரண்ட்டை நம்பித்தான்.

பிளாக் அவுட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். வளைகுடாவில் ஒரு ஜூலை மாதம், கடல் தண்ணீரே 34 டிகிரி, எங்கள் கூலர் பாதி அடைத்திருந்தது, மூன்று ஜெனரேட்டரில் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தோம். இரண்டாவது டிரிப் ஆன ஐந்தாவது நொடியில் மூன்றாவதும் போனது. எஞ்சின் ரூமில் எப்போதும் காதை அடைக்கும் இரைச்சல், அது நின்றதும் வரும் அமைதி இருக்கிறதே, வயிற்றைப் பிசையும். எமர்ஜென்சி விளக்கு வருவதற்குள் யாரோ ஒருவர் "முருகா" என்றது தெளிவாகக் கேட்டது. அது நானாகக்கூட இருக்கலாம். எங்களைச் சுட யாரும் இல்லாததால் இருபது நிமிடத்தில் சரி செய்து பிழைத்தோம். இதையே ஏவுகணை வரும் இடத்தில் நினைத்துப் பாருங்கள்.

அந்த டெஸ்ட்ராயர்களை ஒவ்வொன்றாக அறுத்து, இரண்டு டீசலை எடுத்துவிட்டு மூன்று பெரிய டீசல் வைக்கிறார்கள். நல்ல வேலைதான், ஆனால் ஆறே கப்பல் உள்ள இடத்தில் ஒன்றை அறுத்துப் போட்டால் என்ன மிஞ்சும்? முதல் கப்பலான டேரிங் 2017-க்குப் பிறகு எட்டு வருடம் ஆகியும் பணிக்குத் திரும்பவில்லை. கப்பலின் ஆயுசு கட்டிப்போட்டாலும் குறைந்துகொண்டேதான் இருக்கும், துருவுக்கு விடுமுறை கிடையாது.

கடற்படை சின்னதாகிவிட்டது, சரி. பெரிதாக இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்டால், சென்னைக்காரர்களிடம் அதற்கு ஒரு சொல்லே இருக்கிறது: எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஒற்றை ஜெர்மன் கப்பல் சென்னைக்கு எதிரே வந்து எண்ணெய் டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போனபோது பிரிட்டிஷ் கடற்படைதான் உலகத்திலேயே பெரியது. அதைத் தேடி வங்காள விரிகுடா முழுக்கக் கப்பல்கள் அலைந்தன, நவம்பர் 9-ல் கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி பிடிக்கும் வரை அகப்படவில்லை. ஆக, எண்ணிக்கை எல்லாவற்றையும் காப்பாற்றாது. (அந்த எண்ணிக்கையே 1914-ல் பெரிய போர்க்கப்பல் 62 என்றிருந்தது 1928-ல் 20 ஆனது. அதே காலத்தில் கடற்படைத் தலைமையகத்து அதிகாரிகள் 2,000-த்திலிருந்து 3,569 ஆனார்கள். பார்க்கின்சன் என்ற வரலாற்றாசிரியர் தன் பெயரில் ஒரு விதியே எழுத இந்தக் கணக்கு உதவியது. கப்பல் குறையும், ஆபீஸ் குறையாது.)

என் கவலை வேறு. கப்பல் குறைந்தால் வாக்குறுதியும் குறைய வேண்டும், அது மட்டும் குறைவதே இல்லை. இதில் பிரிட்டனுக்குப் பழைய அனுபவம் இருக்கிறது, அதற்கான விலையில் ஒரு பங்கு எங்கள் குடும்பமும் கொடுத்தது. இரண்டு உலகப் போருக்கும் நடுவில் சிங்கப்பூரில் பிரம்மாண்டமான கடற்படைத் தளம் கட்டினார்கள், 1938-ல் திறந்தார்கள். ஜப்பான் வந்தால் ஐரோப்பாவிலிருந்து பெரும்படை கிளம்பி வரும் என்பதுதான் திட்டம். வர எத்தனை நாள் ஆகும் என்ற கணக்கு மட்டும் வருடாவருடம் நீண்டுகொண்டே போனது. கடைசியில் ஜெர்மனியோடு சண்டையில் இருக்கும்போது ஜப்பானும் வந்தது, அனுப்ப முடிந்தது இரண்டு பெரிய கப்பல்களும் நாலு டெஸ்ட்ராயர்களும். கூட வர இருந்த விமானந்தாங்கி ஜமைக்கா பக்கம் தரைதட்டிவிட்டது. 1941 டிசம்பர் 10 அன்று மலாயாவின் குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்தன, 840 பேர் செத்தார்கள். ஒன்றின் பெயர் ரிபல்ஸ். இன்னொன்று பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ். ஆமாம், அதே பெயர்.

இரண்டு மாதத்தில் சிங்கப்பூர் விழுந்தது. அதே மலாயாவில் பேராக் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த என் தாத்தாவின் அண்ணனை ஜப்பான்காரன் சயாம் மரண ரயில் போடக் கூட்டிப்போனான், திரும்பவில்லை. வெள்ளைக்காரன் கப்பல் வரும், வரும் என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள் என்று தாத்தா சொல்வார். கப்பல் வந்தது, இரண்டு.

1981-ல் இன்னொரு விதமாகச் சறுக்கினார்கள். ஜான் நாட் என்ற பாதுகாப்பு அமைச்சர் செலவைக் குறைக்க, ஃபாக்லாந்து பக்கம் நின்ற எண்டியூரன்ஸ் என்ற சின்னக் கப்பலைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார், 1982 பிப்ரவரியில் இன்வின்சிபிள் என்ற விமானந்தாங்கியை ஆஸ்திரேலியாவுக்கு விற்பதாகவும் முடிவானது. அர்ஜென்டினா அதை 'இவர்களுக்கு இந்தத் தீவு வேண்டாம்' என்று படித்தது. 1982 ஏப்ரல் 2-ல் இறங்கினார்கள். விற்கவிருந்த இன்வின்சிபிளும், பிறகு நம்மிடம் விராட் ஆக வந்த ஹெர்மிஸும்தான் போய்ச் சண்டை போட்டன. இன்னும் ஒரு வருடம் அர்ஜென்டினா பொறுத்திருந்தால் எப்படி முடிந்திருக்குமோ.

அப்படியானால் இந்தச் சின்னக் கடற்படையால் தன் நாட்டைக் காப்பாற்ற முடியுமா? என் கருத்து: தன் நாட்டை, முடியும். வட அட்லாண்டிக், கடலடிக் கேபிள்கள், அணுகுண்டு நீர்மூழ்கிகள், இந்த மூன்றோடு நிறுத்திக்கொண்டால். ரஷ்யாவின் யான்டர் என்ற உளவுக் கப்பல் பிரிட்டிஷ் கேபிள்களுக்கு மேலே சுற்றிக்கொண்டிருப்பதுதான் உண்மையான தொல்லை, ஜப்பானுக்குப் போய்க் கொடி காட்டுவது இல்லை. அத்தான் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "கொடி காட்டலேன்னா அமெரிக்காக்காரன் மதிக்க மாட்டான், அவன் மதிக்கலேன்னா இவங்க ஒண்ணுமே இல்ல" என்றார். அதிலும் விஷயம் இருக்கிறது, ஆனால் மரியாதைக்காக அனுப்பும் கப்பலை வீட்டு வாசலிலிருந்து எடுக்கிறார்கள் என்பதுதான் என் வாதம்.

2010-ல் நிம்ராட் ரோந்து விமானத் திட்டத்தை அப்படியே தூக்கிப் போட்டார்கள். சில வருடம் கழித்து ஸ்காட்லாந்துக்கு வெளியே அந்நிய நீர்மூழ்கி என்று சந்தேகம் வந்தபோது அமெரிக்கா, கனடா, பிரான்ஸிடம் விமானம் கேட்டு நின்றார்கள். பிறகு அமெரிக்காவிடம் ஒன்பது பி-8 ரோந்து விமானம் வாங்கினார்கள். புதிய டைப் 26 ஃபிரிகேட்டும் அதே கதை: முதலில் 13 என்றார்கள், எட்டாக வெட்டினார்கள். 2025 ஆகஸ்டில் நார்வே குறைந்தது ஐந்து வாங்குவதாக அறிவித்தது. எட்டும் ஐந்தும் பதின்மூன்று, பழைய கணக்கு நார்வே காசில் நிறைவேறுகிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது. ஒரே கப்பல், ஒரே ஸ்பேர், ஒரே கடல்.

நீர்மூழ்கிகளில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. 1969-லிருந்து ஒரு நாள்கூட விடாமல் அணுகுண்டு ஏவுகணையோடு ஒரு நீர்மூழ்கி கடலுக்கடியில் இருக்கிறது. இருப்பது நாலு, எல்லாம் வயதானவை, அதில் வான்கார்டைப் பிரித்துப் பூட்ட ஏழு வருடம் ஆனது. அதனால் வெளியே இருப்பது உள்ளே வர முடியவில்லை. மூன்று மாதம் என்றிருந்த ரோந்து ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டது, 2025 மார்ச்சில் ஒன்று 204 நாள் கழித்துத் திரும்பியது என்று செய்தி வந்தது. 204 நாள் சூரியன் இல்லை, வீட்டோடு பேச்சு இல்லை. நாங்கள் ஒன்பது மாத கான்ட்ராக்ட் போவோம்தான், ஆனால் துறைமுகத்துக்குத் துறைமுகம் சிம் கார்டு வாங்கி, அம்மா என்ன குழம்பு வைத்தாள் என்று கேட்போம்.

இப்படித் திரும்பும் நீர்மூழ்கிகளின் படங்களை அங்கே பத்திரிகைகளில் போடுகிறார்கள். கறுப்பாக வழவழவென்று இருக்க வேண்டிய உடம்பு முழுக்கப் பாசியும் சிப்பியும் அப்பி, ஊர்க் குளத்துப் படிக்கட்டு மாதிரி இருக்கிறது. அந்தப் படத்தை அத்தானுக்கு அனுப்பி, இதைச் சுரண்டவே ஒரு வாரம் ஆகும் என்று எழுதினேன். "சுரண்ட ஆள் இருக்கா?" என்று பதில் வந்தது.